யாருக்கு எளிது? – கட்டற்ற இயங்குதளங்களும் 'கஷ்டம்' என்கிற பிம்பமும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். வங்கி எழுத்தனுக்கு அதுதானே தினசரிப் பிழைப்பு, பேசட்டும் என்று நினைத்திருக்கலாம். நான் பொறியாளன் இல்லை, கணினி அறிவியல் படித்தவனும் இல்லை. வெறும் பயன்படுத்துகிறவன். தலைப்பும் பயன்படுத்துகிறவரைப் பற்றியது என்பதால் பேச எனக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் வந்து நின்று, எதைத் திறப்பது, எங்கே சேமிப்பது என்று எல்லாவற்றையும் நிர்வகிக்கிற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பேர். நம்மில் பெரும்பாலோருக்கு அது விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் சொத்து. அதற்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்க்க முடியாது, மாற்ற முடியாது, காசு கொடுத்தே வாங்கினாலும் இன்னொருவருக்கு நகல் எடுத்துக் கொடுக்க முடியாது.

இதற்கு வெளியே இன்னொரு மரபு இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கே வந்த லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி மாற்ற நினைத்தார். அந்த பிரிண்டரின் மூலநிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். நம் கையிலிருக்கும் பொருளை நாமே சரிசெய்யக் கூடாதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. 1983 செப்டம்பரில் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். எதற்காகவும் இயக்கலாம், படித்துப் பார்த்து மாற்றலாம், நகல் தரலாம், மாற்றியதையும் பிறருக்குத் தரலாம் – இந்த நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருளே கட்டற்ற மென்பொருள். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் இதோடு சேர்ந்தது. அந்தச் சேர்க்கையைத்தான் பொதுவாக 'லினக்ஸ்' என்கிறோம். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட், நம்ம ஊர் 'பாஸ்' எல்லாம் அதன் வடிவங்கள்.

இதைப் பற்றித் தோழர்களிடம் பேசினால் ஒரே பதில்தான் வருகிறது: "நல்லதுதான் தோழர், ஆனா கஷ்டமாச்சே." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவே இங்கே நிற்கிறேன். எது கஷ்டம்? யாருக்குக் கஷ்டம்? கஷ்டம் என்று முடிவுசெய்தது யார்?

மேசை யாருடையது?

'யூசர் ஃப்ரெண்ட்லி' என்கிற சொல்லை, ஏதோ பொருளின் குணம் மாதிரிப் பயன்படுத்துகிறோம். உப்பு கரிக்கும், விண்டோஸ் எளிது – என்கிற மாதிரி. கம்ப்யூட்டர் திரைக்கு 'டெஸ்க்டாப்', அதாவது மேசை, என்று பேர் வந்தது எப்படி? 1970களில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இந்த உருவகம் பிறந்தது. 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார், 1984இல் ஆப்பிள் மேக்கின்டாஷ், 1985இல் விண்டோஸ் என்று பரவியது. திரையில் ஒரு மேசை, அதன்மேல் கோப்பு, கோப்புகளைப் போட்டுவைக்க உறை, ஓரத்தில் குப்பைக்கூடை. இது அமெரிக்க அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரின் மேசை. அவருக்கு அது பார்த்ததும் புரியும். ஃபைலும் லெட்ஜருமாகப் புழங்குகிற எனக்கும் புரியும். வயல்வேலைக்குப் போகிற ஒரு அம்மாவுக்கும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் அவர் மகளுக்கும் அந்த மேசை வீட்டுப் பொருள் இல்லை. அவர்கள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றபிறகு எளிதாகிறது.

விண்டோஸ் 95 வந்தபோது, 1995 ஆகஸ்டில், அதன் பெருமையே 'ஸ்டார்ட்' பொத்தான்தான். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் அந்த 'ஸ்டார்ட்' பொத்தானைத்தான் அமுக்க வேண்டும்! நிறுத்துவதற்குத் தொடங்கு என்பதை அழுத்தச் சொல்வது எந்த ஊர் இயல்பு? ஆனாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை, பழகிக்கொண்டோம். சேமிப்பதற்கு இன்றும் ஃப்ளாப்பி படத்தைத்தான் பல மென்பொருள்கள் காட்டுகின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? ஆனாலும் அதை அமுக்குகிறீர்கள். பழக்கம், 'இயல்பு' என்கிற வேஷத்தைக் கட்டிக்கொள்கிறது. இது சமூகத்தில் நாம் நன்கு அறிந்த வேஷம், விளக்கத் தேவையில்லை.

என் கவுண்டருக்கு வருகிறவர்கள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே, பணம் கட்டுகிற சலானை நீட்டி, "நீங்களே எழுதிக் குடுங்க சார்" என்பார்கள். கூச்சத்தோடு சொல்வார்கள், தப்பு தங்கள் மேல் இருப்பதுபோல. அந்தச் சலானைப் பாருங்கள். ஒரே தேதியை, ஒரே பெயரை, ஒரே தொகையை இந்தப் பக்கம் ஒருதடவை, அந்தப் பக்கம் ஒருதடவை, எண்ணில் ஒருதடவை, எழுத்தில் ஒருதடவை எழுதச் சொல்லும். கட்டம் விரல் நகத்தளவு இருக்கும். அதைத் தயாரித்தவர்கள் ஒருநாளும் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதுவதைப் பார்த்ததில்லை. புரியாதவர் வெட்கப்படுகிறார், புரியாதபடி செய்தவர் வெட்கப்படுவதே இல்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்லவருவது பெரும்பாலும் இதுதான்.

எளிமைக்குப் பின்னாலிருந்த ஏற்பாடு

சரி, விண்டோஸ் மட்டும் எல்லோருக்கும் பழகியது எப்படி? அது மட்டும்தான் கையில் கிடைத்தது என்பதால். அது மட்டும் கிடைக்கும்படி யார் செய்தது?

1990களின் தொடக்கம் வரை மைக்ரோசாஃப்ட், கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டுவந்தது. கம்பெனி எத்தனை கம்ப்யூட்டர் விற்கிறதோ அத்தனைக்கும் பணம் கட்ட வேண்டும் – அதில் மைக்ரோசாஃப்ட் இயங்குதளம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வேறொன்றைப் போட்டு விற்றால் இரண்டு பேருக்கும் பணம் கட்ட வேண்டிவரும். யார் விற்பார்? அமெரிக்க நீதித்துறை தலையிட்டு 1994இல்தான் இந்த முறையை நிறுத்தியது. அதற்குள் உலகத்தின் கை விண்டோஸுக்குப் பழகிவிட்டது.

நம்ம ஊரில் என்ன நடந்தது? ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில் கடைக்காரத் தம்பி ஒரு சிடியைப் போட்டு விண்டோஸை ஏற்றிக்கொடுப்பார். காசு கொடுத்து வாங்கியது இல்லை, திருட்டு நகல். இதனால் கம்பெனிக்கு நஷ்டம்தானே என்று தோன்றும். 1998இல் பில் கேட்ஸ் ஒரு பல்கலைக்கழக மாணவர்களிடம் சீனாவைப் பற்றிப் பேசும்போது வெளிப்படையாகவே சொன்னார்: அவர்கள் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், ஒருவிதத்தில் அதற்கு அடிமையாகிவிடுவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்கிறோம் – என்பது அவர் பேச்சின் சாரம். அதுதான் நடந்தது. தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் 'எம்.எஸ். ஆபீஸ்' என்றே கோர்ஸுக்குப் பேர் வைத்தார்கள். வேலை விளம்பரத்தில் 'எம்.எஸ். ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டும்' என்று வந்தது. கடிதம் அடிக்கத் தெரிவது என்ற பொதுவான திறமை, ஒரு கம்பெனியின் சரக்கைத் தெரிந்திருப்பது என்று ஆனது.

ஆகவே 'எளிது' என்று நாம் சொல்வதில், பொருளின் குணம் கொஞ்சம். கடையில் ஏற்கெனவே ஏற்றிக் கொடுப்பது, பாடத்திட்டத்தில் இருப்பது, பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருப்பது, ரிப்பேர் பார்க்க ஆள் இருப்பது – இந்த ஏற்பாடுகள்தான் அதிகம். இவற்றைக் கழித்துவிட்டு விண்டோஸையும் லினக்ஸையும் ஒப்பிடுவது, பத்து வருஷம் ட்யூஷன் படித்தவனையும் நேற்றுப் பள்ளிக்கூடம் வந்தவனையும் ஒரே பரிட்சையில் உட்காரவைத்துத் 'தகுதி' பேசுவதற்குச் சமம்.

பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது

1998இல் மைக்ரோசாஃப்டின் உள்சுற்றுக் குறிப்புகள் சில வெளியே கசிந்தன. ஹாலோவீன் ஆவணங்கள் என்று பேர். திறந்த மூல மென்பொருள் நீண்டகாலம் நிலைக்கக்கூடியது, பயத்தையும் சந்தேகத்தையும் கிளப்புகிற வழக்கமான உத்தி இதனிடம் பலிக்காது என்று அதில் அவர்களே எழுதியிருந்தார்கள். வெளியில் பேசியது வேறு. 2001இல் அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர், ஒரு பத்திரிகைப் பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோய் என்றார், தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்றார். அறிவுச்சொத்தை வைத்துச் சொன்ன பேச்சு அது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சை வேறு இடத்தில் கேட்டுப் பழகிய காது நமக்கு. 2014இல் அதே கம்பெனியின் அடுத்த தலைவர் சத்ய நாதெள்ளா, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று மேடையில் சொன்னார். வியாபாரம் மாறியது, நோய் காதலாகிவிட்டது.

எதிரியை மட்டும் சொன்னால் போதாது. 'திறந்த மூலம்' என்ற பெயரே பிம்பத்துக்காகச் செய்த பெயர்மாற்றம்தான். 1998 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் சிலர் கூடிப் பேசினார்கள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல், அதனால் குழப்பம் வருகிறது. முதலாளிகளுக்குச் சுதந்திரம் என்ற பேச்சே ஒவ்வாமை. கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த 'திறந்த மூலம்' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். கம்பெனிகள் உள்ளே வந்தன, பணம் வந்தது. ஆனால் விடுதலை என்ற சொல் பின்னால் போய்விட்டது. ஸ்டால்மன் இன்றுவரை இதை ஏற்கவில்லை. ஓர் இயக்கம் மற்றவர்களுக்குச் சங்கடம் தராமலிருக்கத் தன் பெயரிலிருந்தே விடுதலையை எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று இந்த அரங்கத்தில் நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தமிழில் நமக்கு அந்தச் சங்கடமும் இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. 'கட்டற்ற' என்கிற நல்ல சொல்லும் இருக்கிறது.

நம் பக்கத்து ஆணவம்

இப்போது கசப்பான பகுதி. லினக்ஸ் கஷ்டம் என்ற பிம்பத்தை எதிரிகள் மட்டும் உண்டாக்கவில்லை. உள்ளே இருந்தவர்களும் சேர்ந்துதான் உண்டாக்கினார்கள்.

ஆரம்ப காலத்தில் யாராவது சந்தேகம் கேட்டால் வந்த பதில், 'போய்க் கையேட்டைப் படி' என்பதுதான். ஆங்கிலத்தில் அதை ஒரு கெட்ட வார்த்தையோடு சுருக்கி, நான்கெழுத்தில் எழுதுவார்கள். கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிந்தவன் மேல், சுட்டியைத் தட்டுகிறவன் கீழ் என்று ஒரு படிநிலை உருவானது. கஷ்டமாக இருப்பதே கௌரவம் என்றானது. அறிவைப் பூட்டிவைக்கக் கூடாது என்று புறப்பட்ட கூட்டத்துக்குள்ளேயே, கேட்கிறவனை வாசலில் நிறுத்துகிற பழக்கம் புகுந்துகொண்டது. மூலநிரல் திறந்திருந்தது, முகம் மூடியிருந்தது.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர்கள் உண்டு. 1996 அக்டோபரில் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டால் சாதாரண ஆள் எப்படிப் பயன்படுத்துவான் என்று கேட்டு கே.டி.இ. என்ற திரைச்சூழலைத் தொடங்கினார். அது நம்பியிருந்த ஒரு அடிப்படைப் பகுதி அப்போது முழுக்கக் கட்டற்றதாக இல்லை என்பதால் 1997இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோம் என்ற மாற்றைத் தொடங்கினார்கள். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி, க்னோமைப் பழகாத ஆட்களை உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்து எழுதி அறிக்கை வெளியிட்டது. எனக்கு இது முக்கியமான திருப்பம். தடுமாறுகிறவர் முட்டாள் இல்லை, அவர் தடுமாறுகிற இடம் மென்பொருளின் ஓட்டை என்று கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். 2002இல் க்னோம் 2 வந்தது, பல தேவையற்ற தெரிவுகளைக் கழித்து.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கழித்துக் கழித்து, வேண்டியதையும் கழிக்கிறார்கள் என்று புகார். 2005 டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே, பயன்படுத்துகிறவர்களை முட்டாள்களாக நினைப்பது ஒரு நோய், கே.டி.இ.க்குப் போங்கள் என்று கோபமாக எழுதினார். ஆக, அவமதிப்பு இரண்டு வகை. 'உனக்குத் தெரியலைன்னா போ' என்பது ஒன்று. 'உனக்குத் தெரியாது, அதனால நானே முடிவு பண்ணிடறேன்' என்பது இன்னொன்று. முதலாவது விரட்டுகிறது, இரண்டாவது தலையைத் தடவுகிறது. இரண்டிலுமே பயன்படுத்துகிறவர் பேச்சுவார்த்தையில் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டியே தமிழ் ஆர்வலர்கள் இரவில் கண்விழித்து, சம்பளமில்லாமல் கே.டி.இ.யைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவைப்படவில்லை. பெரிய காரியம் அது. ஆனால் தமிழ்த்திரையைத் திறந்த பலர் மறுநாளே ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். கோப்பு, கோப்புறை சரி. 'அமைவடிவம்', 'இயல்பிருப்பு' என்றால் யாருக்குப் புரியும்? எந்தத் தமிழ், யாருடைய தமிழ் என்ற கேள்வியை இலக்கியத்தில் நாம் கேட்டுவிட்டோம். திரையில் இன்னும் கேட்கவில்லை.

மூன்று இடங்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. அதைத் தடுக்க ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார், விலையைக் குறைத்தார். நகராட்சி அசையவில்லை. 2013க்குள் ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்கள் மாறின. பிறகு அரசியல் தலைமை மாறியது. ஊழியர்கள் புகார் சொல்கிறார்கள், வெளி அலுவலகங்களின் கோப்புகள் சரியாகத் திறப்பதில்லை என்றார்கள். நகராட்சி அமர்த்திய ஆலோசகர்களே, பெரிய சிக்கல் நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். 2016இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் மியூனிக் நகருக்குள் வந்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவது என்று நகராட்சி தீர்மானித்தது. ஆக, 'எளிது–கஷ்டம்' என்பது கவுன்சில் ஓட்டெடுப்பில் தீர்மானமாகிற விஷயமும்தான். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கம்ப்யூட்டர்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதாக அறிவித்திருக்கிறது.

இரண்டாவது, பக்கத்துக் கேரளம். 2001 வாக்கில் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது பாடம் மைக்ரோசாஃப்டை ஒட்டியே இருந்தது. ஆசிரியர் அமைப்பும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது கம்பெனி ஆட்கள் இல்லை, பயிற்சி பெற்ற சக ஆசிரியர்கள். புத்தகம் மலையாளத்தில், திரை மலையாளத்தில். அந்தப் பிள்ளைகளிடம் போய் லினக்ஸ் கஷ்டமா என்று கேட்டால், அவர்களுக்குக் கேள்வியே புரியாது. அதுதான் அவர்களுக்குக் கம்ப்யூட்டர்.

மூன்றாவது, நம்ம தமிழ்நாடு. 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது, அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோனது. அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே பிள்ளைகள் கைக்கு வந்தது. லட்சக்கணக்கான அரசுப்பள்ளிப் பிள்ளைகள், பெரும்பாலும் வீட்டின் முதல் கம்ப்யூட்டர். இத்தனை பெரிய வாய்ப்பு வேறெங்கு கிடைக்கும்? ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும். இரண்டாவது என்னவென்று வாத்தியாருக்கும் தெரியாது. கடைக்குக் கொண்டுபோனால், "இது எதுக்குத் தம்பி இடத்தை அடைக்குது?" என்று அழித்துக் கொடுத்தார்கள். போதாததற்கு 'இலவசம்னா மட்டம்' என்ற பேச்சு வேறு – மடிக்கணினிக்கும், அதிலிருந்த மென்பொருளுக்கும், வாங்கிய பிள்ளைக்கும் சேர்த்து. இங்கே தோற்றது லினக்ஸ் இல்லை. கேரளத்தில் பக்கத்தில் ஒரு ஆசிரியர் உட்கார்ந்தார், இங்கே யாரும் உட்காரவில்லை.

உண்மையான கஷ்டங்கள்

கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். சில பிரிண்டர்கள் இன்றும் முரண்டு பிடிக்கும். சில வைஃபை சில்லுகளை உயிர்ப்பிக்க ஒருநாள் போகும். வன்பொருள் கம்பெனிகள் லினக்ஸுக்கான இயக்கிகளை எழுதித் தராததும், விவரத்தைத் தர மறுப்பதும் பெருங்காரணம். டாலி மாதிரிக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வேலைக்கு அது தேவைப்படுகிறவரிடம் கொள்கை பேசிப் பயனில்லை.

நம்மைத் தொடுகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், சிறுபத்திரிகை. நம் இதழ்களெல்லாம் பேஜ்மேக்கரில், ஆளுக்கொரு எழுத்துருவில் வடிவமைக்கப்பட்டவை. அப்போது அதுதான் எளிது. கட்டற்ற உலகில் அந்த வேலைக்கு ஸ்கிரைபஸ் என்று ஒன்று இருந்தது. ஆனால் அதில் தமிழை அடித்தால் 'கொ'வின் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் சிதறி நிற்கும். நாம் 'கஷ்டம்' என்று விட்டுவிட்டோம். ஓமன் நாட்டில் அரபி எழுத்துக்காக இதே பிரச்சினையைச் சந்தித்த குழு ஒன்று விடாமல் உட்கார்ந்து, எழுத்தமைக்கும் பகுதியையே திருத்தி எழுதியது. 2017இல் சோதனைப் பதிப்பில் வந்தது, 2024 ஜனவரியில் நிலையான பதிப்பில் வந்தது. அரபிக்காகச் செய்த வேலையில் தமிழும் நிமிர்ந்துவிட்டது. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டியதில்லை.

பேஜ்மேக்கர் என்ன ஆயிற்று? 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றது. அதே அடோபி கம்பெனியின் இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. நம் பழைய இதழ்கள் – கட்டுரை, கவிதை, களஆய்வு அறிக்கை, கொல்லப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் – எத்தனையோ சிடிகளில் இந்த வடிவத்தில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க இன்றைக்கு ஒரு வழி தருவது லிப்ரெஆபீஸ் என்கிற கட்டற்ற மென்பொருள். 2015 முதல் அதில் அந்த வசதி இருக்கிறது. முழுமையானது அல்ல, பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றுகிற வேலையும் மிச்சமிருக்கும். ஆனால் கதவு இருக்கிறது. எளிதாக இருந்தது நம் எழுத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. 'கஷ்டமானது' அதைத் திறக்கப் பார்க்கிறது. வரலாற்றை எழுதிவைக்க வேண்டியிருக்கிற நமக்கு இது தொழில்நுட்ப விஷயம் இல்லை.

இன்று

உலகத்தின் மிக வேகமான 500 மீத்திறன் கணினிகளும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் பாக்கெட்டிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கருநிரலும் லினக்ஸ்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்கள் அதில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அப்புறம் எங்கே கஷ்டம்? பணமும் ஆளும் கடைவிற்பனையும் சேர்ந்தால் லினக்ஸையும் எளிதாக்க முடியும் என்று கூகுள் நிரூபித்துவிட்டது. ஆனால் அந்த போனில் கம்பெனி ஏற்றியனுப்பிய பல செயலிகளை நீங்கள் நீக்க முடியாது. சில வருஷத்தில் புதுப்பித்தல் நின்றுவிடும். எளிமை வந்தது, உரிமை போனது. மேசைக்கணினியிலோ உரிமை இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஸ்டாட்கவுண்டர் கணக்கில் லினக்ஸின் உலகப் பங்கு 2024 பிப்ரவரியில்தான் 4 சதவீதத்தைத் தாண்டியது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. நன்றாக ஓடுகிற எந்திரங்களைக் கழித்துக்கட்டச் சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் ஓடும். நம் இரவுப் பாடசாலைகளுக்கும் படிப்பகங்களுக்கும் கம்ப்யூட்டர் இல்லை இல்லை என்கிறோமே, இனி அவை கழிவாகத் தெருவுக்கு வரப்போகின்றன.

செய்யக்கூடியதாக மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று – ஊருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், இந்த எந்திரங்களில் லினக்ஸை ஏற்றவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை ஒரு மாதச் சாயங்காலங்கள் போதும். அவர்கள் இருந்தால்தான் 'பக்கத்துல ஆள் இல்லை' என்ற கஷ்டம் தீரும். இரண்டு – ஒரு நோட்டுப் புத்தகம். பழகவருகிற பிள்ளையோ அம்மாவோ எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள், எந்தச் சொல் புரியவில்லை என்று தேதியோடு எழுத வேண்டும். அதை மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்கு, மொழிபெயர்க்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். கோரிக்கையாக இல்லை, பிழைப்பட்டியலாக. திருத்த வேண்டியது அவர்கள். திருத்தாவிட்டால் நாமே திருத்துகிற உரிமை அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று – நம் பழைய இதழ்களின் சிடிகளைத் தேடியெடுக்க வேண்டும், அவை செல்லரிப்பதற்குள்.

"உனக்கு இது வராது" என்ற சொல்லை வகுப்பறையில் நாம் நிறையக் கேட்டுவிட்டோம். அதை ஒரு எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம். மாற்றுக்கருத்து இருப்பவர்கள், குறிப்பாக வீட்டில் லினக்ஸைப் போட்டுவிட்டு அழித்தவர்கள், முதலில் பேசுங்கள். எந்த இடத்தில் அழித்தீர்கள் என்பதிலிருந்தே விவாதத்தைத் தொடங்கலாம்.